பத்தாங்கிளாஸ் பாஸ் போதும்... பயர்மேன் வேலைக்கு ஏன் காசு கட்டி டிப்ளமோ? நெல்லையில் ஒரு அலசல்

நெல்லை:

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை பஸ் ஸ்டாண்டு என்று சுவர் கிடைத்த இடமெல்லாம் கலர் போஸ்டர் முளைத்துவிடும். சிவப்பு வண்டி, மஞ்சள் ஹெல்மெட், கையில் தண்ணீர் பீய்ச்சும் குழாயோடு ஒரு வெளிநாட்டு ஆள். கீழே 'பயர் அண்ட் சேப்டி' என்று கொட்டை எழுத்து. அரசு வேலை, ஏர்போர்ட் வேலை, துபாய் வேலை, எல்லாமே நிச்சயம் என்பார்கள்.

பீடி சுற்றும் அம்மா, மில்லுக்குப் போகும் அப்பா, லோடு அடிக்கும் அண்ணன்... இவர்கள்தான் அந்த போஸ்டரை நின்று படிப்பவர்கள். "நம்ம பய யூனிபார்ம் போட்டுட்டா போதும்ல" என்று நகையை அடகு வைத்தாவது பணம் கட்டத் தயாராகிவிடுகிறார்கள்.

ஆசையில் தப்பில்லை. நாலு உயிரைக் காப்பாற்றுகிற வேலைக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்பது நல்ல மனசுதான். ஆனால் பணம் கட்டும் முன்பு சில உண்மைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. இதில் முக்கியமான உண்மை, தமிழ்நாடு தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையில் பயர்மேன் ஆவதற்கு எந்த டிப்ளமோவும் தேவையே இல்லை என்பதுதான்.

அரசு கேட்பது என்ன?

தமிழ்நாட்டில் பயர்மேன், அதாவது தீயணைப்பாளர் பணிக்கு ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு, ஒரே பரீட்சை. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு தேர்ச்சி. அவ்வளவுதான்.

2025 அறிவிப்பில் மொத்தம் 3,644 இடங்கள். அதில் போலீஸ் 2,833, சிறைக் காவலர் 180, தீயணைப்பாளர் 631. விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய். எழுத்துத் தேர்வு 2025 நவம்பர் 9-ந்தேதி நடந்தது. சம்பள விகிதம் 18,200 ரூபாயில் தொடங்கி 67,100 வரை. இதற்கு மேல் படிகள் தனி.

வயது 18 முடிந்திருக்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு 26 வரை. பி.சி., எம்.பி.சி.க்கு 28 வரை. எஸ்.சி., எஸ்.டி.க்கு 31 வரை. முன்னாள் ராணுவத்தினருக்கு 47 வரை.

எழுத்துத் தேர்வில் முதல் பகுதி தமிழ். 80 கேள்வி. இதில் 40 சதவீதம், அதாவது 32 மார்க் எடுத்தால்தான் அடுத்த பேப்பரையே திருத்துவார்கள். இரண்டாவது பகுதி 70 மார்க். பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25.

அடுத்து உடல் தகுதி. உயரம் 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி.க்கு 167 செ.மீ. மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். இதில் தேறியவர்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். கயிறு 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு ஸ்டார்.

டிப்ளமோவுக்கு எத்தனை மார்க்?

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. இறுதி மதிப்பெண் 100. எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறன் போட்டிகளுக்கு 24, சிறப்பு மதிப்பெண் 6. அந்த ஆறும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு சான்றிதழ்களுக்குத்தான்.

பயர் அண்ட் சேப்டி டிப்ளமோவுக்கு? பூஜ்யம். அரை மார்க்கூட கிடையாது.

பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் சேர்ந்து காலையில் பரேடு போன பையனுக்கு மார்க் உண்டு. கபடி ஆடி சான்றிதழ் வாங்கிய பையனுக்கும் உண்டு. கடன் வாங்கிப் பணம் கட்டி ஒரு வருஷம் டிப்ளமோ படித்த பையனுக்கு ஒன்றும் இல்லை. இதை எந்த போஸ்டரும் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. தேர்வான பிறகு துறையே பயிற்சி கொடுக்கிறது. தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. அடிப்படைப் பயிற்சி மூன்று மாதம். குழாய் போடுவது, ஏணி நிறுத்துவது, பம்ப் இயக்குவது, முடிச்சுப் போடுவது, முதலுதவி என்று எல்லாம் அடிப்படையில் இருந்து அங்கேதான் கற்றுத் தருகிறார்கள். இதற்கு நாம் பணம் கட்ட வேண்டாம். அரசுதான் நமக்குச் சம்பளம் தரும்.

அப்படியானால் வேலை கிடைக்கப் பையன் செய்ய வேண்டியது என்ன? காலையில் பாளை வ.உ.சி. மைதானத்துக்கோ அண்ணா ஸ்டேடியத்துக்கோ போய் ஓட வேண்டும். கயிறு ஏறிப் பழக வேண்டும். சாயங்காலம் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிப் புத்தகங்களைத் திருப்ப வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இதுபோன்ற தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே விசாரிக்கலாம்.

இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. அறிவிப்பு வருஷா வருஷம் ஒரே அளவில் வருவதில்லை. 2022-ல் தீயணைப்பாளர் இடம் வெறும் 120. 2023-ல் 674. அதற்கடுத்த பொது அறிவிப்பு 2025-ல்தான் வந்தது. காத்திருக்கும் பையனுக்கு வயது நிற்காது. இந்த இடைவெளியில்தான் "சும்மா இருக்கிறதுக்கு இதையாவது படிக்கட்டும்" என்று பெற்றவர்கள் போய் மாட்டுகிறார்கள்.

அப்போ டிப்ளமோ சுத்த வேஸ்டா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அரசுத் தீயணைப்புத் துறை தவிர வேறு இடங்களிலும் பயர்மேன் வேலை இருக்கிறது. நம்ம பக்கத்திலேயே இருக்கிறது.

மகேந்திரகிரியில் இஸ்ரோ உந்துவிசை வளாகம். அங்கே ராக்கெட் எரிபொருளை வைத்து சோதனை நடத்துகிறார்கள். தீயணைப்பு ஆட்கள் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. 2023-ல் வந்த அவர்களது வேலை அறிவிப்பில் 'பயர்மேன் ஏ' பணியும் இருந்தது. அதற்கும் பத்தாம் வகுப்பும் உடல் தகுதியும்தான்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தில் ஒரு பணி உண்டு. அதன் பெயரே 'டிரைவர், பம்ப் ஆபரேட்டர், பயர்மேன்' என்று மூன்றும் சேர்ந்தது. வண்டியும் ஓட்ட வேண்டும், பம்பும் இயக்க வேண்டும், தீயும் அணைக்க வேண்டும். ஹெவி லைசென்ஸ் இல்லாமல் இந்தப் பக்கம் போகவே முடியாது.

ஏர்போர்ட் வேலையும் அப்படித்தான். இந்திய விமான நிலைய ஆணையம் தென்மண்டலத்துக்கு 'ஜூனியர் அசிஸ்டெண்ட் - தீயணைப்பு' என்று ஆள் எடுக்கிறது. பிளஸ் டூ பாஸ் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தாம் வகுப்போடு மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், பயர் பிரிவில் 3 வருஷ ரெகுலர் டிப்ளமோ வேண்டும். கூடவே டிரைவிங் லைசென்ஸ். இதிலே கவனிக்க வேண்டியது '3 வருஷம்', 'ரெகுலர்' என்ற இரண்டு வார்த்தை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று வாரத்துக்கு இரண்டு வகுப்பு நடத்தும் டிப்ளமோ இதில் சேராது.

கம்பெனிகளில் 'சேப்டி ஆபீசர்' ஆகலாம் என்று சொல்வார்கள். அதுவும் அரைகுறை உண்மைதான். சட்டப்படி நியமிக்கும் சேப்டி ஆபீசருக்கு இன்ஜினியரிங் படிப்பும் தொழிற்சாலை அனுபவமும் வேண்டும். அதற்கு மேல் அரசு ஏற்கும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்துவது அந்த வகை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நேராக ஒரு வருஷ டிப்ளமோ படித்தவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. சேப்டி ஸ்டூவர்டு, பயர் வாட்ச்மேன் என்று சின்ன வேலைகள் கிடைக்கலாம். அதுவும் கவுரவமான வேலைதான். ஆனால் அதற்குத்தான் இந்தப் படிப்பு என்று முதலிலேயே சொல்லிச் சேர்க்க வேண்டுமல்லவா?

முறையாகப் படிக்க ஆசைப்பட்டால் ஐ.டி.ஐ. வழி இருக்கிறது. தேசிய அளவில் அங்கீகாரம் பெற்ற ஐ.டி.ஐ. பிரிவுகளில் 'பயர்மேன்' என்று ஒன்றும், 'தீத் தொழில்நுட்பம் மற்றும் தொழிற்பாதுகாப்பு மேலாண்மை' என்று ஒன்றும் உள்ளன. டிகிரி அளவில் என்றால் நாக்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரி. 1956-ல் உத்தரப்பிரதேசம் ராம்பூரில் தொடங்கி, அடுத்த வருஷமே நாக்பூருக்கு மாறிய மத்திய உள்துறையின் கல்லூரி அது. தீயணைப்பு இன்ஜினியரிங்கில் பி.இ. பட்டமே அங்கே படிக்கலாம்.

'அரசு பதிவு பெற்றது' - இந்த வார்த்தைதான் வலை

பல நோட்டீசுகளில் 'இந்திய அரசு பதிவு பெற்றது' என்று போட்டிருக்கும். பார்த்ததும் அரசாங்கப் படிப்பு என்று நினைத்துவிடுகிறோம்.

டிரஸ்ட் தொடங்கினாலும் பதிவு செய்ய வேண்டும். கம்பெனி தொடங்கினாலும் பதிவு செய்ய வேண்டும். சிறுதொழில் என்று ஆன்லைனில் பதிந்தாலும் ஒரு சான்றிதழ் வரும். டீக்கடைக்கும் அந்தச் சான்றிதழ் வாங்கலாம். நிறுவனம் பதிவு பெற்றது வேறு, படிப்பு அங்கீகாரம் பெற்றது வேறு. ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் படிப்புக்கான அங்கீகாரம் கிடையாது.

படிப்புக்கு அங்கீகாரம் தருவது யார்? பல்கலைக்கழகம் என்றால் யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்க வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோ என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், ஏ.ஐ.சி.டி.இ. ஐ.டி.ஐ. என்றால் என்.சி.வி.டி. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாவிட்டால், நீங்கள் வாங்கப்போவது பிரேம் போட்டு வீட்டில் மாட்டும் காகிதம்தான்.

துபாய் கனவு

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் வளைகுடா போகாத தெரு குறைவு. ஆயில் கம்பெனி, கட்டுமானக் கம்பெனிகளில் பயர், சேப்டி வேலை உண்டு என்பதும் நிஜம். ஆனால் அங்கே கேட்பது பெரும்பாலும் இங்கிலாந்தின் 'நெபோஷ்' போன்ற சர்வதேசச் சான்றிதழ், கூடவே அனுபவம், பேசவும் ரிப்போர்ட் எழுதவும் தெரிந்த ஆங்கிலம். தமிழில் நோட்ஸ் கொடுத்து நடத்திய ஒரு வருஷப் படிப்பைக் கொண்டு போய் அங்கே நீட்டினால் ஹெல்ப்பர் வேலைதான் கிடைக்கும்.

ஏஜெண்டு விஷயத்திலும் உஷார் தேவை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ள ஏஜெண்டு வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டாலோ, ரசீது தர மறுத்தாலோ அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஏஜெண்டின் லைசென்ஸ் நம்பரை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978 முதல் நடத்துகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

பயிற்சி என்றால் என்ன?

டிப்ளமோ வேண்டாம் என்றால் பயிற்சியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. தீயணைப்பு என்பது தைரியம் மட்டும் இருந்தால் செய்யும் வேலை கிடையாது. தைரியம் மட்டும் இருந்து செத்தவர்கள் ஏராளம்.

கிணற்றில் தூர் எடுக்க இறங்கியவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற அண்ணன் இறங்குகிறார், அவரும் விழுகிறார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர். ஒரே கிணற்றில், ஒரே செப்டிக் டேங்கில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். பாழுங் கிணற்றின் அடியில் அது குறைந்து, விஷவாயு தங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. மூக்கில் துணி கட்டினாலும் பிரயோஜனமில்லை. பயர்மேன் முதுகில் சிலிண்டர் மாட்டி, முகத்தில் மாஸ்க் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கத்தான் இறங்குவார். அந்தக் கருவியை 'பி.ஏ. செட்' என்பார்கள். அதை மாட்டவும், உள்ளே காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவும் பழகுவதற்குப் பெயர்தான் பயிற்சி.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏன்? தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய்விடும். அங்கே உள்ள சூட்டில் உடனே ஆவியாகும். ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். எரியும் எண்ணெயை அப்படியே கூரைக்கு வாரி அடிக்கும். மூடி போட்டு மூடி, அடுப்பை அணைத்தால் முடிந்தது காரியம். புரோட்டாக் கடை மாஸ்டர் முதல் கல்யாண மண்டப சமையல்காரர் வரை தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

மரம், காகிதம், துணி எரிந்தால் தண்ணீர். பெட்ரோல், டீசல் என்றால் நுரை. கரண்டு இருக்கும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர் பவுடர். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழும். அதனால்தான் கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதே, கதவைத் திற என்கிறார்கள். இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் பரீட்சைக்கு உதவும். கையால் பத்துத் தடவை செய்து பார்த்தவனுக்குத்தான் ஆபத்து நேரத்தில் கை ஓடும்.

பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த வேலையில் ஆபத்து உண்டு. 1944 ஏப்ரல் 14-ந்தேதி பம்பாய் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிகைன்' கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் பலியானார்கள். அந்த நாள்தான் இன்றும் தீயணைப்பு சேவை தினம். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் தீயில் ஒரு வீரர் இறந்தார். 2020 தீபாவளி ராத்திரி மதுரை ஜவுளிக்கடைத் தீயில் கட்டிடம் இடிந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். சம்பளத்துக்காக மட்டும் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இதையும் யோசித்துத்தான் அனுப்ப வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் என்ன தேவை?

துறையின் பெயரிலேயே 'மீட்புப் பணிகள்' சேர்ந்திருக்கிறது. நம்ம மாவட்டத்தில் தீயைவிடத் தண்ணீரும் கல்லும்தான் அடிக்கடி வேலை வைக்கின்றன.

2022 மே 14-ந்தேதி ராத்திரி. அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் பாறை சரிந்து 6 தொழிலாளர்கள் சிக்கினார்கள். முதலில் இறங்கியவர்கள் உள்ளூர்த் தீயணைப்பு வீரர்கள். தேசிய பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்தில் இருந்து வர வேண்டியிருந்தது. கடைசி உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. 4 பேரை நாம் இழந்தோம்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை புரண்டு, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. ஜங்ஷன், மீனாட்சிபுரம், கைலாசபுரம் எல்லாம் மிதந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவழியில் நின்றது. அந்த இரண்டு நாளும் ஊர்களில் முதலில் போய் நின்றது யார்? மீனவர்கள் படகோடு வந்தார்கள். தெருப் பையன்கள் டியூப் கட்டி இறங்கினார்கள். வெளியூர்ப் படைகள் வருவதற்கு ரோடே இல்லை.

பாபநாசத்தில் ஆடி அமாவாசைக் கூட்டம், குறுக்குத்துறையில் லீவு நாள் குளியல், முக்கூடலிலும் சீவலப்பேரியிலும் ஆற்றுச் சுழல். நம்ம பையன்களுக்கு நீச்சல் தெரியும். ஆனால் நீச்சல் தெரிவதும் மூழ்குகிறவனைக் காப்பாற்றத் தெரிவதும் ஒன்றல்ல. மூழ்குகிறவன் கழுத்தைக் கட்டிப் பிடித்தால் நல்ல நீச்சல்காரனும் சேர்ந்து போய்விடுவான். கயிறு, காலிக் குடம், டியூப் என்று எதையாவது எறிய வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால்தான் இறங்க வேண்டும், அதுவும் பின்பக்கமாக வந்து பிடிக்க வேண்டும். இதைச் சொல்லித்தர நிரந்தரமாக ஒரு இடம் வேண்டாமா?

சமுதாயக் கல்லூரி என்ற நல்ல வழி

இதற்கு விடை நம்மிடமே இருக்கிறது. 'சமுதாயக் கல்லூரி' என்ற ஏற்பாடு இந்தியாவில் தொடங்கியதே நம்ம பக்கம்தான். 1995-ல் புதுச்சேரியில், 1996-ல் சென்னையில். பள்ளிக்கூடத்தை முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள் என்று ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தந்த ஊருக்குத் தேவையான தொழிலைக் குறைந்த செலவில் கற்றுத் தருவதுதான் நோக்கம். 2013-ல் யு.ஜி.சி.யும் இதற்குத் தனித் திட்டமே கொண்டுவந்தது.

அமெரிக்காவில் பயர்மேன் ஆக நினைக்கும் பையன்கள் பலர் பக்கத்து ஊர் சமுதாயக் கல்லூரியில்தான் படிக்கிறார்கள். அங்கே பாடம் நடத்துகிறவர்களில் பலர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். பயிற்சிக்கென்றே கோபுரம், எரித்துப் பழகும் கட்டிடம் எல்லாம் வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு.

நெல்லையில் என்ன குறை? 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேட்டையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பாளை, பேட்டை, அம்பை என்று தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. ரிட்டயர்டு ஆன வீரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முப்பது வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நீச்சல் பழக ஆறு இருக்கிறது. இவர்களையெல்லாம் சேர்த்து ஆறு மாதப் படிப்பு ஒன்றை அரசே நடத்தினால் என்ன?

"துறையே பயிற்சி தருகிறதே, எதற்கு இன்னொன்று?" என்று கேட்கலாம். துறை பயிற்சி தருவது தேர்வானவர்களுக்கு மட்டும். மாநிலம் முழுக்க 631 இடம் என்றால் நம்ம மாவட்டத்துக்கு எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள்? மற்றவர்களும் ஓடிப் பழகியவர்கள், கயிறு ஏறியவர்கள். அந்த உடம்பும் ஆர்வமும் அப்படியே வீணாகப் போகிறது. ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, மில், கல்யாண மண்டபம், பட்டாசு ஆலை என்று எல்லா இடத்திலும் பயிற்சி பெற்ற ஓர் ஆள் தேவை. பல இடங்களில் சிவப்பு சிலிண்டர் சுவரில் தொங்கும். அதைக் கழற்றத் தெரிந்த ஆள் இருக்க மாட்டார்.

2004 ஜூலை 16-ந்தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கூரைகள் போயின, சான்றிதழ் கட்டாயமானது. நல்லதுதான். ஆனால் தீப்பிடித்த முதல் ஐந்து நிமிஷத்தில் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற பாடத்தை நாம் இன்னும் முழுசாகப் படிக்கவில்லை.

மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பேரிடர்ப் பயிற்சி தருகிறார்கள். அது நல்ல தொடக்கம். அதை ஆறு மாதப் படிப்பாக நீட்டி, கடைசிப் பரீட்சையைத் தீயணைப்புத் துறையே நடத்த வேண்டும். அப்போதுதான் இதுவும் இன்னொரு சர்டிபிகேட் கடை ஆகாமல் இருக்கும். என்.சி.சி.க்கு இரண்டு மார்க் கொடுக்கிற மாதிரி, இதில் தேறியவர்களுக்கும் தேர்வில் சிறப்பு மதிப்பெண் கொடுத்தால் தனியார் போஸ்டருக்கு மவுசே இருக்காது.

பெண் பிள்ளைகளுக்கு?

2003-ல் தமிழ்நாட்டில் இரண்டு பெண்கள் கோட்டத் தீயணைப்பு அதிகாரிகளாக வந்தார்கள். மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன். எழிலகம் தீயில் உள்ளே போய்ப் படுகாயம் அடைந்தவர் பிரியா. அதிகாரியாகப் பெண் வரலாம், தீக்குள் போகலாம். ஆனால் 2025 அறிவிப்பில்கூட தீயணைப்பாளர் 631 இடமும் ஆண்களுக்குத்தான். பெண் போலீஸ் லத்தி பிடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பெண் பயர்மேன் ஏன் கூடாது என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். ஏர்போர்ட் தீயணைப்பு வேலைக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

பயர் அண்ட் சேப்டி படிப்பில் சேரத்தான் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கும் பையனா? சரி, பெற்றவர்கள் கூடவே போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு வாரியம்? அந்தப் பெயர் சான்றிதழில் இருக்குமா? மாதிரிச் சான்றிதழைக் காட்டுங்கள்.

2. அங்கீகார உத்தரவின் நகல் எங்கே? நாங்களே அந்த அலுவலகத்தில் விசாரித்துக்கொள்கிறோம்.

3. பி.ஏ. செட் எத்தனை இருக்கிறது? பம்ப், ஹோஸ், ஏணி எங்கே? பயிற்சி மைதானத்தைக் காட்டுங்கள். மாடியில் இரண்டு ரூமும் பிரொஜெக்டரும் மட்டும் இருந்தால் திரும்பி நடங்கள்.

4. சொல்லித் தருபவர் எந்த நிலையத்தில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார்?

5. போன வருஷம் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? நாலு பேரிடம் நேரில் பேச முடியுமா?

6. 'வேலை நிச்சயம்' என்பதை லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம்.

7. பாதியில் நின்றால் பணமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் திரும்பக் கிடைக்குமா? ஒரிஜினலை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

இந்த ஏழுக்கும் பதில் சொல்கிற இடம் என்றால் தாராளமாகச் சேருங்கள். பதிலுக்குப் பதில் "இன்னைக்கே கட்டினா டிஸ்கவுண்ட்" என்று அவசரப்படுத்தினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

மிச்சமாகும் பணத்தில் பையனுக்கு நல்ல ஓட்டப் பந்தய ஷூ ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். ஹெவி லைசென்சுக்கு முதல் படியாக லைட் லைசென்ஸ் எடுக்க வைக்கலாம். அதிகாலை எழுப்பி மைதானத்துக்கு அனுப்பலாம். அடுத்த அறிவிப்பு எப்போது வந்தாலும் தயாராக நிற்கிற பையனுக்குத்தான் அந்தச் சிவப்பு வண்டியில் இடம்.

கடைசியாக ஒன்று. தீயோ வெள்ளமோ கிணறோ, எதுவானாலும் முதலில் 101 அல்லது 112-க்கு போன் போடுங்கள். ஊர், தெரு, பக்கத்தில் உள்ள அடையாளம் மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது.